எல்லோரும் அழுத படம்

அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொல்வதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில், எல்லோரும் அழுத படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்வது கலியாண வீட்டுச் சோற்றில் குறை சொல்வதைப் போல. சோற்றை யாரும் பார்க்கமாட்டார்கள், சொன்னவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

படம் எங்கெங்கோ ஓடி, பரிசுகள் வாங்கி, கொழும்புப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதி, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் முகநூலில் கண்ணீர் விட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் மட்டக்களப்புக்கு வந்தது. எங்கள் வாவியை வைத்து எடுத்த படம். கரையிலேயே இரண்டு மாதம் தங்கி எடுத்தார்களாம். நெறியாளர் வெளியூர்க்காரர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நகரத்து மண்டபமொன்றில் படத்தைக் காட்டி, பிறகு கலந்துரையாடல் என்று ஒழுங்கு செய்திருந்தார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் விமர்சகர் ஒன்றும் இல்லை. ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபது வருடமாகக் காணி, வீட்டுப் பத்திரங்களை, அதாவது உறுதிகளை, தட்டச்சு செய்கிறவள். இடைக்கிடை சிற்றிதழில் ஏதாவது எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் படம் சீதன வீட்டைப் பற்றியது. சீதன உறுதி எழுதுகிற ஒருத்தி பேசினால் நன்றாக இருக்கும் என்று ஒழுங்கமைப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். அவர் இளைப்பாறிய ஆசிரியர், அந்தச் சிற்றிதழை நடத்துகிறவரும் அவர்தான். முடியாது என்கிற சொல் அவருடைய காதில் ஏறாது.

அம்மாவையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் பெட்டியிலிருந்து நல்ல சீலை ஒன்றை எடுத்து உடுத்திருந்தார்.

கதை இதுதான். வாவிக்கரையில் ஒரு விதவைத் தாய், ஒரு மகள், தாய் பாடுபட்டுக் கட்டிய ஒரு வீடு. மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். வீடு மகளின் பெயருக்கு எழுதப்படுகிறது. உறுதியில் கையெழுத்து வைக்கும்போது தாயின் கண்ணீர் தாளில் விழுகிறது. பிறகு அவள் பின்வளவில் ஒரு குடிலுக்குப் போகிறாள். மகள் மெல்ல மெல்ல மாறுகிறாள். தாய் தான் கட்டிய வீட்டின் குசினி வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். மகள் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் வரச் சொல்கிறாள். இந்தக் காட்சி மூன்று தரம் வருகிறது. மூன்றாம் தரம் மகள் நிமிர்ந்து பார்க்கும்போது வாசலில் ஆளில்லை. பிறகு வாவியில் ஒரு வெறும் தோணி. கடைசியில் மகள் தாயின் சீலையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுகிறாள், நீண்ட நேரம், இசை எதுவும் இல்லாமல். அந்த இசையில்லாமையைத்தான் பத்திரிகைகள் விழுந்து விழுந்து புகழ்ந்திருந்தன.

வெளியூர் ஆட்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மகள் கலியாணம் முடித்தால் தாய்வீடு அவளுக்கு. மாப்பிள்ளைதான் எங்கள் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவில் பின்பக்கமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆண்பிள்ளைகள் பெண்சாதி வீட்டுக்குப் போவார்கள். என் அண்ணன் அமிர்தகழியில் அண்ணியின் வீட்டில்தான் இருக்கிறார். அப்பா நான் படிக்கிற காலத்திலேயே இறந்துவிட்டதால், எனக்குக் கலியாணம் பேசியவுடன் அம்மா தனியாகவே நின்று மேசனைப் பிடித்து, பின்வளவில் அறை கட்டி, வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டார். பதினான்கு வருடமாகிறது. அந்த மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப்பேருக்கு இதே கதைதான்.

அதனால்தானோ என்னவோ, படம் தொடங்கிக் கால்மணித்தியாலத்திலேயே எனக்குக் கதிரை சரிவரவில்லை. காலை மாற்றி மாற்றிப் போட்டேன். தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன், மூடினேன். முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்ச, அது வரிசை வரிசையாகப் பரவிப் பின்னால் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் வழக்கத்தை எங்கேயோ இருந்து வந்து பார்த்த ஒருவர் அதைக் கொடுமை என்று முடிவு கட்டிவிட்டார், நாங்களும் ஓம் ஓம் என்று அழுகிறோம், இது என்ன கூத்து என்று. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் முறை வந்தபோது நன்றாகத்தான் பேசினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வருவதற்காகச் சொல்கிறேன். இருபது வருடமாகத் தாய்மார் கையெழுத்து வைப்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன் என்றேன். நல்ல சீலை கட்டி, பவுடர் பூசி வருவார்கள், கையெழுத்து வைப்பார்கள், உறுதி எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள், போவார்கள். ஒருத்தியின் கண்ணீராவது என் தாளில் விழுந்ததில்லை என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்குத் துணிவு ஏறிவிட்டது. வீட்டை விட்டுப் போவது எங்கள் தாய்மாருக்குத் தோல்வி இல்லை, மகளை நிலைநிறுத்திவிட்டேன் என்கிற கெத்து என்றேன். கடைசியில் அந்த வாசல் காட்சிக்கு வந்தேன். "இந்த மண்ணில் எந்தத் தாயும் தான் கட்டிய வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கமாட்டாள். இந்தத் தாய் வாவிக்கரையில் பிறந்தவள் இல்லை, நெறியாளரின் கொப்பியில் பிறந்தவள்."

மண்டபம் கைதட்டியது. சற்று முன்னர் அழுத அதே மண்டபம். முன்வரிசையில் இருந்த நெறியாளர்கூட எதையோ குறித்துக்கொண்டு தலையாட்டினார். ஒழுங்கமைப்பாளர் ஓடிவந்து, "தங்கச்சி, இதை அப்பிடியே எழுதித் தாங்க. அடுத்த இதழில முதல் பக்கத்தில போடுறன்" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அம்மா கைப்பையின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் காற்று பிடித்துத் தள்ளியது. அம்மா பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"படம் எப்பிடிம்மா?" என்று கத்திக் கேட்டேன்.

"வாவி வடிவா இருந்திச்சு மனே" என்றார்.

"நான் பேசின?"

"கடையில நிப்பாட்டு. பாண் வாங்கவேணும்."

அவ்வளவுதான். பாண் வாங்கினோம், வீட்டுக்கு வந்தோம், அவர் பக்கத்து ஒழுங்கையால் பின்வளவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்துதான் கிடந்தது. "மனே, உள்ளுக்கு வரட்டா?" என்று அம்மாவின் குரல் கேட்டது. "ஓம், வாங்கம்மா" என்று சொன்னேன், திருவலகையிலிருந்து தலையை எடுக்காமல். அவர் ஒரு கோப்பையில் சம்பலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் போய்ப் படியிறங்கிய பிறகுதான் எனக்குக் கை நின்றது.

நம்பமுடியவில்லை. கணவரிடம் போய், "அம்மா எப்பவும் வாசலில நிண்டு கேட்டுத்தானா வாறவ?" என்று கேட்டேன். அவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில இருந்து அப்பிடித்தான். உனக்குத் தெரியாதா?" என்றார். பன்னிரண்டு வயது மகளிடம் கேட்டேன். அவளும், "அம்மம்மா கேட்டுத்தானே வருவா" என்றாள், பொழுது விடிகிறதா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதைப் போல.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவர் இரண்டு தரம் கேட்டார். செவ்வாய்க்கிழமை மூன்று தரம். கதவை அகலத் திறந்து ஒரு கதிரையை முண்டு கொடுத்து வைத்தேன். கதிரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "கேக்கத் தேவையில்லம்மா, வாங்க" என்றேன். "ஓம் ஓம்" என்று வந்தார். பின்னேரம் திரும்பவும் கேட்டார். கந்தோரில் ஒரு உறுதியில் எல்லை விபரத்தில் வடக்கையும் கிழக்கையும் மாற்றி அடித்து, சட்டத்தரணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

கட்டுரையும் நகரவில்லை. மேடையில் வாயில் வந்தது தாளில் வர மறுத்தது. கையெழுத்தைப் பற்றிய பகுதி எழுதியாயிற்று. கெத்தைப் பற்றியதும் எழுதியாயிற்று. வாசல் காட்சிக்கு வரும்போது எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டேன். அதை விட்டுவிட்டு எழுதலாம் என்றால், கைதட்டு விழுந்ததே அதற்குத்தான். ஒழுங்கமைப்பாளர் ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் படத்தின் மேல் பாய்ந்தேன். அந்தத் தோணி எங்கள் வாவியில் ஓடுகிற தோணி இல்லை, அந்த நடிகை மீன் வெட்டுகிற விதம் பிழை, அந்தக் குடிலின் கூரை எங்கள் பக்கத்துக் கூரையே இல்லை என்று கணவரிடம் அடுக்கினேன். இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, இன்னும் அலுமாரியில் ஒரு தட்டு மட்டும் சொந்தமாக வைத்திருக்கிற மனிதர் அவர். அவருக்குப் படம் பிடித்திருந்தது.

"கூரையில பிழை, தோணியில பிழை. ஆனா நீ ராவும் பகலும் அந்தப் படத்தையே நினைச்சிக்கொண்டு திரியிறாய்" என்றார். "பிழையான படம் எண்டா விட்டுத் தள்ளு."

"தள்ளத்தான் பாக்கிறன்."

"இஞ்ச பாரு, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசத்தில நாங்களும் பின்வளவுக்குப் போகத்தான் வேணும். அப்ப நீ வாசலில நிண்டு கேப்பியா, கேக்கமாட்டியா எண்டு பாப்பம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருடத்தில் அம்மாவை நான் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. காய்ச்சல் என்றால் ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறேன். பொங்கலுக்குச் சீலை, கண்ணுக்குக் கண்ணாடி, எல்லாம் நேரத்துக்கு நேரம் நடந்திருக்கிறது. நான் அந்தப் படத்து மகள் இல்லை. ஆனால் அம்மா அப்படி நினைக்கிறாரா? அதுதான் என்னை அரித்தது. அவர் மனதில் நான் அவரை வீட்டை விட்டு அனுப்பியவளா? இதற்கு விடை தெரியாமல் ஒரு வரியும் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கந்தோரிலிருந்து அரை நாளில் வந்துவிட்டேன். நேராகப் பின்வளவுக்குப் போனேன். அம்மா கதவடியில் பலகையைப் போட்டு இறால் கோது உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலைந்து இறாலை எடுத்து உரித்தேன்.

"தலையை நசுக்காத. கறிக்கு வேணும்" என்றார்.

"அம்மா, நான் உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்ன நானா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. ஒரு வாரமாக நான் கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

"இல்ல மனே. நீ போகச் சொல்லல்ல" என்றார். கையில் இருந்த இறாலை உரித்து முடித்துச் சட்டியில் போட்டார். "இரிங்க எண்டும் சொல்லல்ல."

எனக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காத மாதிரிக் கேட்டேன். "அது வழமைதானேம்மா. நீங்கதானே மேசனைக் கூட்டி வந்து அறை கட்டின நீங்க. போறதெண்டு நீங்கதானே முடிவெடுத்த?"

"ஓம். நான்தான் கட்டின. இரிங்க எண்டு நீ சொல்லியிருந்தாலும் நான் இருந்திருக்கமாட்டன். ஆரும் இருக்கிறல்ல. ஆனா எல்லா மகளும் ஒருக்காச் சொல்லுவாளுகள். கையைப் புடிச்சி, இரிங்கம்மா, எங்க போகப்போறீங்க எண்டு. சும்மா சொல்லுறதுதான். நான் சட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடக்குள்ள நீ யன்னலுக்குச் சீலை அளந்துகொண்டு நிண்ட நீ. நான் வாசலில கொஞ்ச நேரம் நிண்டன். நீ அளந்துகொண்டு நிண்டாய். மறுகா நான் வந்திட்டன்."

"அதுக்காகவா வாசலில நிண்டு கேக்கிற நீங்க?"

"இரி எண்டு சொல்லாத வீட்டுக்குள்ள கேட்டுத்தானே மனே வரவேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. மழை வந்தால் உடுப்பை எடுக்கவேண்டும் என்பதைப் போலச் சொன்னார். பதினான்கு வருடமாக அவருக்கு அது அவ்வளவு தெளிவான ஒன்றாக இருந்திருக்கிறது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிழைதான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"அப்ப அந்தப் படம் உங்களுக்குப் புடிச்சிதா?"

"கனக்கப் பொய்தான். நீ சொன்ன மாதிரி, கையெழுத்து வைக்கக்குள்ள நான் அழல்ல" என்றார். "ஆனா கடைசியில அந்தப் புள்ள சீலையை வைச்சி அழுதாளே. அது எனக்குப் புடிச்ச."

படத்திலேயே மலிவான காட்சி என்று நான் எழுதி வைத்திருந்தது அதைத்தான். இறால் முடிந்தது. அவர் கோதுகளை அள்ளி வாழையடியில் போடப் போனார். நான் கையைக் கழுவிக்கொண்டு முன்வீட்டுக்கு வந்தேன்.

ஒழுங்கமைப்பாளருக்கு நானே அழைத்துக் கட்டுரை தரமுடியாது என்றேன்.

"ஏன் தங்கச்சி? படத்தைப் பற்றி மனம் மாறிட்டீங்களா?"

"இல்ல சேர். எனக்கு அந்தப் படம் புடிக்கல்ல."

"அதைத்தானே எழுதச் சொல்லுறன்."

"ஏன் புடிக்கல்ல எண்டு மேடையில சொன்ன காரணம் பிழை."

"அப்ப சரியான காரணத்தை எழுதுங்க" என்றார் விடாமல். பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சரியான காரணம் என்ன என்று எனக்கு உடனே தெரிந்திருக்கவில்லை. அந்த மகள் தாயை வருத்தியதால் எனக்குப் படத்தில் கோபம் வந்தது என்று நினைத்தேன். எங்கள் வழக்கத்தைக் கேவலப்படுத்தியதால் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்பது அடுத்த புதன்கிழமைதான் தெரிந்தது. அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. மகள் ரியூசன் வகுப்புக்குப் போயிருந்தாள், கணவர் வயலுக்குப் போயிருந்தார். அம்மா இறைச்சிச் சரக்கு இடித்துக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"இரிங்கம்மா" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்து இருந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நானும் எதிரில் இருந்தேன். அவர் குசினியைச் சுற்றிப் பார்த்தார். அவர் கட்டிய குசினி. நான் மாற்றிய தட்டுகளையும், அவர் வைத்த இடத்திலேயே இருந்த அம்மியையும் பார்த்தார். மகளின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேன். அவர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றி மெல்லக் குடித்தார். எனக்கு உடுப்புத் தோய்க்கக் கிடந்தது, அடுப்பில் பருப்பு கிடந்தது. என் கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. அவர் அதைக் கண்டாரா தெரியாது. அடிவரை குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாறன் மனே" என்று எழும்பிப் போனார்.

அவர் பின்வளவில் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அந்தப் படத்து மகளைப் போல எனக்கு அழுகை வரவில்லை, ஆறுதலாக இருந்தது. யன்னலுக்குச் சீலை அளந்த அன்றும் அப்படித்தான் இருந்தது.